ரேடியேட்டர் சூடாகல, சுடுதண்ணி வரல: கரன்ட் எங்க வந்து நிக்குதுன்னு கண்டுபிடிக்கிற வழி

"அண்ணா, ரேடியேட்டர் எல்லாம் சில்லுன்னு கிடக்கு, ஆனா பாத்ரூம்ல சுடுதண்ணி மட்டும் நல்லா வருது, பாய்லர் போயிடுச்சா?"

அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை இங்கிலாந்துல கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க, அந்த வாரத்துல இருந்து எனக்கு இந்த மாதிரி போன் வர ஆரம்பிச்சிடும். நான் ஊர்ல ஐடிஐ முடிச்சு வயர்மேன் வேலை பாத்தவன், இங்க வந்து திரும்பப் படிச்சு எலக்ட்ரீஷியனா 12 வருஷம் ஆகுது. புதுசா வந்த நம்மாளுங்களுக்கு இந்த ஹீட்டிங் விஷயம் ஏன் குழப்புதுன்னு எனக்கு நல்லாவே புரியும். நம்ம ஊர்ல பாத்ரூமுக்கு ஒரு கீசர், அதுக்கு ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். இங்க ஒரே பாய்லர் தான் செவுத்துல இருக்குற ரேடியேட்டர் வழியா வீட்டையும் சூடாக்கணும், குளிக்கத் தண்ணியையும் சூடாக்கணும், அத யாரு எப்ப கேக்குறாங்கன்னு சொல்றதுக்கு நடுவுல நாலஞ்சு சாமான் செவுத்துலயும் அலமாரியிலயும் உக்காந்திருக்கு. அதுல ஒண்ணு மக்கர் பண்ணுனா கூட பாய்லர் சும்மா நிக்கும், நாம பாய்லரத் திட்டுவோம். ரெண்டாயிரம் மூவாயிரம் பவுண்டு குடுத்து புது பாய்லர் போட்டு, அப்பவும் ரேடியேட்டர் சூடாகாம நின்ன வீட்ட நான் பாத்திருக்கேன். தப்பு இருந்தது அலமாரிக்குள்ள கழண்டு கிடந்த ஒரு ஆரஞ்சு ஒயர்ல.

அதனால இதுல நான் சொல்லப் போறது ஒரே முறை தான். எந்த சாமானையும் மாத்துறதுக்கு முன்னாடி, கரன்ட் எங்க கிளம்பி எது வரைக்கும் வந்து நிக்குதுன்னு பாருங்க. தாலுகா ஆபீஸ்ல ஒரு சர்டிபிகேட்டுக்கு எழுதிப் போட்டா விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு மேஜை மேஜையா ஃபைல் நகரும்ல, வரலன்னா எந்த மேஜையில நிக்குதுன்னு தான முதல்ல விசாரிப்போம், அதே மாதிரி தான்.

யாருக்கு இது, யாருக்கு இல்ல

வீட்டுல பெரிய சுடுதண்ணி சிலிண்டர் இருக்கா பாருங்க. பெரும்பாலும் மாடியில ஏரிங் கப்போர்டுன்னு சொல்ற அலமாரிக்குள்ள, பச்சை இல்லன்னா நீல கலர் ஃபோம் பூசி, ஆள் இடுப்பு உசரத்துக்கோ அதுக்கு மேலயோ நிக்கும். அது இருந்தா இந்தக் கட்டுரை உங்களுக்குத் தான். சிலிண்டரே இல்ல, குழாயத் தொறந்தா தான் பாய்லர் பத்திக்கிட்டு தண்ணி சூடாகுதுன்னா உங்களது காம்பி பாய்லர், அதுல தண்ணிக்குன்னு தனி வயரிங் கிடையாது, ரூம் தெர்மோஸ்டாட்டுக்கு (ரூம் சூட்டப் பாத்து ஆன், ஆஃப் பண்றது, சுருக்கமா ரூம் ஸ்டாட்) மட்டும் தான் ஒயர் போகும், கீழ ரூம் ஸ்டாட் பத்தி சொல்ற பகுதி மட்டும் உங்களுக்கு உதவும்.

வாடகை வீடுன்னா ஒரு ஸ்க்ரூவையும் தொடாதீங்க. இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் ஹீட்டிங், சுடுதண்ணி ரெண்டையும் வேலை செய்ற நிலையில வெச்சிருக்கிறது வீட்டுக்காரர் பொறுப்பு. இங்கிலாந்துக்கு அத சொல்றது 1985ஆம் வருஷத்து லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டம், 11ஆவது பிரிவு. வருஷத்துக்கு ஒருதரம் கேஸ் சேஃப்டி செக் பண்ணி அந்தப் பேப்பர உங்க கையில குடுக்கணும்ங்கிறதும் சட்டம் தான். நம்மாளுங்க நிறைய பேர் "வீட்டுக்காரர் கோச்சுக்குவாரு"ன்னு ரெண்டு வாரம் குளிர்ல போர்வைய போத்திக்கிட்டு உக்காந்திருப்பாங்க, வேண்டாம், ஈமெயில் போடுங்க, தேதியோட எழுத்துல இருக்கட்டும். ஆனா கீழ சொல்ற ஸ்க்ரூடிரைவர் இல்லாத டெஸ்ட் எல்லாம் வாடகைக்காரங்களும் தாராளமா செய்யலாம், "ஹீட்டிங் வரல"ன்னு எழுதுறதுக்கும் "ஹாட் வாட்டர் ஆன்ல இருந்தா தான் ஹீட்டிங் வருது"ன்னு எழுதுறதுக்கும் வர்ற ஆள் கொண்டு வர்ற சாமானே மாறும்.

சொந்த வீடா இருந்தாலும் பாய்லர் மூடிய மட்டும் கழட்டக் கூடாது. கேஸ் சம்பந்தப்பட்ட வேலைய கேஸ் சேஃப்ங்கிற பதிவேட்டுல பதிவு பண்ணுன ஆள் தான் செய்யணும், இது சட்டம். கேஸ் வாசனை வந்தா எந்த சுவிட்சையும் தட்டாம, ஜன்னல தொறந்துட்டு வெளிய வந்து 0800 111 999க்கு போன் பண்ணுங்க. கார்பன் மோனாக்சைடு அலாரம் வீட்டுல இல்லன்னா மொதல்ல அத வாங்கி மாட்டிட்டு இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வாங்க.

அலமாரியத் தொறந்து எண்ணுங்க

சிலிண்டர் பக்கத்துல செம்பு பைப்ல, தீப்பெட்டி மூணு நாலு சேத்து வெச்ச அளவுக்கு ஒரு உலோக டப்பா உக்காந்திருக்கும், அதுல இருந்து ஒரு கேபிள் வெளிய வரும். அது தான் மோட்டார் வால்வு. ஒண்ணு மட்டும் இருந்து, அதுல மூணு பைப் சேருதுன்னா ஒய் பிளான்னு சொல்ற வயரிங் முறை. ரெண்டு டப்பா இருந்து, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பைப்னா எஸ் பிளான். இந்த ஒரு விஷயம் தெரியாம எந்த எலக்ட்ரீஷியனாலயும் அடுத்த அடி வைக்க முடியாது, அதனால இப்பவே போய் எண்ணிட்டு வாங்க.

மத்த ஆளுங்க யாருன்னா, டைம் வைக்கிற ப்ரோக்ராமர், ஹால்லயோ வராண்டாவுலயோ செவுத்துல இருக்குற ரூம் ஸ்டாட், சிலிண்டர் வயித்துல கீழ இருந்து கால் பங்கு, மூணுல ஒரு பங்கு உசரத்துல பட்டை போட்டுக் கட்டியிருக்குற சிலிண்டர் ஸ்டாட், தண்ணிய சுத்த விடுற பம்ப், அப்புறம் எல்லா ஒயரும் வந்து சேர்ற ஒரு வெள்ளை டப்பா, அதுக்கு வயரிங் சென்டர்னு பேரு. இது மொத்தத்துக்கும் கரன்ட் குடுக்குறது 3 ஆம்ப் ஃபியூஸ் போட்ட ஒரே ஒரு ஃபியூஸ்ட் ஸ்பர் சுவிட்ச். ஒரே ஒரு இடத்துல இருந்து தான் வரணும், ரெண்டு இடத்துல இருந்து கரன்ட் வந்தா அது ஆபத்தான வயரிங், உடனே ஆளக் கூப்பிடுங்க.

கரன்ட் போற வழி இது தான். ப்ரோக்ராமர் "நேரம் ஆச்சு"ன்னு கரன்ட்ட விடும். ரூம் ஸ்டாட் "ஆமா வீடு குளிரா தான் இருக்கு"ன்னு அத அடுத்ததுக்குத் தள்ளும். வால்வு மோட்டார் சுத்தி பைப்பத் தொறக்கும், முழுசாத் தொறந்த பிறகு தான் அதுக்குள்ள இருக்குற மைக்ரோ சுவிட்ச் தட்டி, ஆரஞ்சு ஒயர் வழியா பாய்லருக்கும் பம்புக்கும் கரன்ட் போகும். எஸ் பிளான்ல தண்ணிக்கும் இதே கதை, ரூம் ஸ்டாட்டுக்கு பதிலா சிலிண்டர் ஸ்டாட். ஒய் பிளான்ல தண்ணிக்கு வழி வேற, அத கீழ சொல்றேன்.

ஸ்க்ரூடிரைவர் தொடாம செய்யிறது

பாதி வீட்டுல வேலை இங்கயே முடிஞ்சிடும், அதனால அவசரப்படாம செய்யுங்க.

ஸ்பர் சுவிட்ச் ஆன்ல இருக்கா, ப்ரோக்ராமர்ல டிஸ்ப்ளே தெரியுதா. மணி சரியா காட்டுதா, ஏன்னா கடிகாரம் மாத்துன வாரத்துல வர்ற போன்ல பல பேருக்கு ப்ரோக்ராமர் தப்பான நேரத்துல ஓடிக்கிட்டு இருக்கும், அவ்வளவு தான் பிரச்சனை. பழைய ப்ரோக்ராமர்ல ஒன்ஸ்னு இருந்தா காலையில முதல் ஆன்ல இருந்து ராத்திரி கடைசி ஆஃப் வரைக்கும் விடாம ஓடும், ட்வைஸ்னா காலையில ஒரு தடவை சாயந்தரம் ஒரு தடவை, கான்ஸ்டன்ட்னா நேரமே பாக்காது. டெஸ்ட் பண்றப்ப கான்ஸ்டன்ட்ல வெச்சிடுங்க, நேரத்தப் பத்தின சந்தேகம் தீர்ந்துடும்.

ரூம் ஸ்டாட் பேட்டரில ஓடுறதா இருந்தா பேட்டரிய மாத்துங்க. சுத்துற டயல் வெச்சதா இருந்தா மெதுவா 30 வரைக்கும் திருப்புங்க, ரூம் சூட்டத் தாண்டுறப்ப "டிக்"னு ஒரு சத்தம் கேக்கணும். சிலிண்டர் ஸ்டாட்லயும் அதே மாதிரி. அப்படியே கைய வெச்சுப் பாருங்க, அந்த ஸ்டாட் சிலிண்டரோட செம்புத் தோல்ல ஒட்டிக்கிட்டு இருக்கா. ஃபோம வெட்டி ஒரு ஜன்னல் மாதிரி விட்டு அதுக்குள்ள உக்காத்தி இருப்பாங்க, துணி காயப் போடறப்ப இடிச்சு பட்டை நழுவி ஃபோம் மேல தொங்கிக்கிட்டு இருக்கும். அப்ப அது தண்ணி சூட்ட பாக்காது, அலமாரிக் காத்தத் தான் பாக்கும், தண்ணி கொதிக்கக் கொதிக்க வந்தாலும் "இன்னும் சூடாகல"ன்னு பாய்லர ஓட்டிக்கிட்டே இருக்கும். குழந்தைங்க இருக்குற வீட்டுல இது பெரிய ஆபத்து. இத 60 டிகிரில வைக்கணும், லெஜியனெல்லா கிருமி வளராம இருக்க சேமிச்சு வைக்கிற தண்ணி அந்தச் சூட்டுல இருக்கணும்னு இங்க சொல்றாங்க, காசு மிச்சம் பண்றேன்னு 45ல வைக்காதீங்க.

அடுத்தது வால்வு லீவர். டப்பாவோட ஒரு பக்கத்துல சின்ன உலோக நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். எஸ் பிளான்னா ஹீட்டிங்கயும் தண்ணியையும் ஆஃப் பண்ணிட்டு அந்த லீவர ஒரு விரலால மெதுவா தள்ளிப் பாருங்க, ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும், கொஞ்சம் பிடிவாதமா இருக்கும். இப்ப ஹீட்டிங்க ஆன் பண்ணுங்க, ரூம் ஸ்டாட்ட ஏத்துங்க, காத வால்வு கிட்ட கொண்டு போங்க. கொசு ரீங்காரம் மாதிரி ஒரு மெல்லிய "ம்ம்ம்" பத்துப் பதினஞ்சு செகண்ட் கேக்கும், லீவர் தானா நகரும், கடைசில பாய்லர் கிளம்புற சத்தம் வரும். இப்ப லீவரத் தொட்டா தொளதொளன்னு எதிர்ப்பே இல்லாம ஆடும்.

இதுல இருந்து என்ன தெரியும்னா: லீவர் நகரவே இல்லன்னா ஒண்ணு வால்வு வரைக்கும் கரன்ட் வரல, இல்ல மோட்டார் போச்சு. லீவர் நகந்து தளர்ந்துடுச்சு ஆனா பாய்லர் கிளம்பலன்னா ஃபைல் வால்வு மேஜை வரைக்கும் வந்துடுச்சு, உள்ள இருக்குற மைக்ரோ சுவிட்ச் தான் தள்ளி விடல, இல்ல அதுக்கு மேல ஏதோ. எல்லாத்தையும் ஆஃப் பண்ணியும் லீவர் தளர்ந்தே இருந்தா வால்வு தொறந்தபடி மாட்டிக்கிச்சு, இல்ல எங்கயோ இருந்து இன்னும் கரன்ட் வந்துக்கிட்டு இருக்கு. "ஜூன் மாசத்துல கூட பாய்லர் நிக்கவே மாட்டேங்குது"ன்னு சொல்றவங்க வீட்டுல எஸ் பிளான்னா, நான் முதல்ல பாக்குறது இந்தத் தளர்ந்த லீவரத் தான்.

ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும் சூடாகலன்னா இதெல்லாம் வேண்டாம், அது வயரிங் இல்ல, அந்த ரேடியேட்டரோட வால்வு ஊசி மாட்டியிருக்கும், இல்ல காத்து அடைச்சிருக்கும். உறைபனி ராத்திரிக்கு அடுத்த நாள் காலையில பாய்லர் களகளன்னு சத்தம் போட்டு நின்னா, பாய்லர்ல சேர்ற தண்ணிய வெளிய விடுற பிளாஸ்டிக் பைப் (கண்டன்சேட் பைப்) உறைஞ்சிருக்கும், வெதுவெதுப்பான தண்ணிய ஊத்திட்டு ரீசெட் பண்ணுங்க, கொதிக்கிற தண்ணி வேண்டாம்.

ஒய் பிளான்: கருவியே இல்லாம குற்றவாளியப் பிடிக்கிறது

மேல போன் பண்ணுன தம்பி வீடு ஸ்லௌ பக்கம், ஒய் பிளான். கைக்குழந்தை இருக்கு, வீட்டுக்குள்ள 14 டிகிரி. ஒரு மாசம் முன்னாடி தான் ஆள் வெச்சு பழைய ப்ரோக்ராமர எடுத்துட்டு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் போட்டிருந்தாங்க. "வால்வு போச்சு, மாத்தணும்"னு சொல்லிட்டு அந்த ஆள் போயிட்டாரு. நான் அப்ப வேற ஊர்ல வேலையில இருந்தேன், போன்லயே செஞ்சோம்.

இதுக்கு ஒய் பிளான் எப்படி யோசிக்குதுன்னு தெரியணும். அந்த ஒத்தை வால்வு சும்மா இருக்குறப்ப ஸ்பிரிங் அத தண்ணி பக்கம் இழுத்து வெச்சிருக்கும். அதனால தண்ணி மட்டும் வேணும்னா வால்வு மோட்டாருக்கு வேலையே இல்ல, சிலிண்டர் ஸ்டாட்டே நேரா பாய்லருக்கும் பம்புக்கும் கரன்ட் குடுத்துடும். ரெண்டும் வேணும்னா வெள்ளை ஒயர்ல கரன்ட் வந்து வால்வு நடுவுல போய் நிக்கும், அப்பவும் பாய்லர ஓட்டுறது சிலிண்டர் ஸ்டாட் தான். ஹீட்டிங் மட்டும் வேணும்னா தான் கஷ்டம், அப்ப வெள்ளையோட சேத்து கிரே கலர் ஒயர்லயும் கரன்ட் வரணும், அந்த கிரே தான் "தண்ணிக்கு இப்ப தேவையில்ல, நீ முழுசா ரேடியேட்டர் பக்கம் போ"ன்னு சொல்ற ஒயர். வால்வு அந்தக் கோடி வரைக்கும் போன பிறகு தான் உள்ள இருக்குற சுவிட்ச் ஆரஞ்சுக்கு கரன்ட் குடுக்கும்.

கிரேக்கு கரன்ட் ரெண்டு வழியில வரலாம். ப்ரோக்ராமர்ல ஹாட் வாட்டர ஆஃப் பண்ணுனா அந்த "ஆஃப்" டெர்மினல்ல இருந்து வரும். ஹாட் வாட்டர் ஆன்ல இருந்து தண்ணி போதுமான அளவு சூடாயிட்டா சிலிண்டர் ஸ்டாட்ல இருந்து வரும். இந்த ரெண்டு வழிய தனித்தனியா சோதிக்கலாம்ங்கிறது தான் இதுல இருக்குற அழகு.

"தம்பி, ஹாட் வாட்டர் ஆன் பண்ணு, ஹீட்டிங் ஆஃப் பண்ணு, சிலிண்டர் ஸ்டாட்ட ஏத்து. பாய்லர் ஓடுதா?"

"ஓடுதுண்ணா."

பாய்லர், பம்ப், ஃபியூஸ் எல்லாம் நல்லா இருக்கு, அந்தப் பேச்சு முடிஞ்சது. அடுத்து ரெண்டையும் ஆன் பண்ணச் சொன்னேன், ரேடியேட்டர் சூடாச்சு. அப்ப ரூம் ஸ்டாட்டும் ஓகே, மோட்டாரும் உயிரோட இருக்கு. அடுத்து ஹாட் வாட்டர ஆன்லயே விட்டுட்டு சிலிண்டர் ஸ்டாட்ட மட்டும் கடைசி வரைக்கும் இறக்கச் சொன்னேன், "தண்ணி போதும்"னு அது நினைக்கிற மாதிரி. லீவர் இன்னும் நகந்துச்சு, பாய்லர் ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஹீட்டிங் மட்டும் வேலை செய்யுது! இப்ப கடைசியா, ஸ்டாட்ட பழைய இடத்துல வெச்சிட்டு ஸ்மார்ட் ஆப்ல ஹாட் வாட்டர ஆஃப் பண்ணுன்னேன். பாய்லர் நின்னு போச்சு.

வால்வு நல்லா இருக்கு. ஆஃப் டெர்மினல்ல இருந்து கிரேக்கு வர வேண்டிய ஒயர் தான் இல்ல. மறுநாள் நான் போய் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுக்காக செவுத்துல மாட்டியிருந்த புது டப்பாவ (ரிசீவர்) தூக்கிப் பாத்தேன், அந்த ஒயர் செவுத்துக்குள்ள டேப் சுத்தி மடக்கி விடப்பட்டு கிடந்துச்சு. 1ஆம் நம்பர் டெர்மினல்ல அத மாட்டினேன், அஞ்சு நிமிஷ வேலை. புது வால்வுக்கு அவங்ககிட்ட 300 பவுண்டுக்கு மேல கேட்டிருந்தாங்க.

உங்க வீட்டுல இதே டெஸ்ட்ட செஞ்சு, ஆஃப் பண்ணுனா வருது ஆனா சிலிண்டர் ஸ்டாட்ட இறக்குனா வரலன்னா தப்பு சிலிண்டர் ஸ்டாட்லயோ அதோட ஒயர்லயோ இருக்கு. ரெண்டு வழியிலயும் வரல, தண்ணியோட சேத்தா மட்டும் ரேடியேட்டர் சூடாகுதுன்னா வால்வுத் தலை மேல சந்தேகப்படலாம். தண்ணி மட்டும் ஆன் பண்ணுனா ரேடியேட்டரும் லேசா சூடாகுதுன்னா வால்வு நடுவுல மாட்டிக்கிட்டு திரும்பி வரல. இன்னொண்ணு, ஹீட்டிங் முடிஞ்ச பிறகும் இந்த வால்வு ரேடியேட்டர் பக்கமே நிக்கும், தலை தொட்டா சூடா இருக்கும், அது கோளாறு இல்ல, கிரேல இன்னும் கரன்ட் இருக்குறதால அப்படித் தான் நிக்கும்.

எஸ் பிளான்ல இவ்வளவு சிக்கல் கிடையாது. தண்ணி வருது, ரேடியேட்டர் வரலன்னா பொதுவான பாய்லர், பம்ப் எல்லாம் ஓகே, ஹீட்டிங் கிளையில மட்டும் தேடுங்க, ப்ரோக்ராமர், ரூம் ஸ்டாட், அந்த ஒரு வால்வு. தண்ணி வரலன்னா இதே மாதிரி அந்தப் பக்கம்.

மூடியத் தொறக்குறதுன்னா

ரெண்டு முனை வோல்டேஜ் டெஸ்டர் இதுவரைக்கும் கையில பிடிச்சதே இல்லன்னா இங்க நிறுத்திடுங்க, மேல கண்டுபிடிச்சத எழுதி எலக்ட்ரீஷியன் கிட்ட குடுங்க. இது 230 வோல்ட். நம்ம ஊர்ல லைன் டெஸ்டர்னு ஒரு ஸ்க்ரூடிரைவர் வெச்சுப் பாப்போமே, அந்த பல்பு எரியலங்கிறத நம்பி ஒயரத் தொடாதீங்க, அத நம்பிக் கை வெச்சு அடி வாங்குன ஆளுங்கள எனக்கு நேராத் தெரியும்.

ஸ்பர ஆஃப் பண்ணி, ஃபியூஸ உருவி சட்டைப் பையில போட்டுக்கங்க, வீட்டுல வேற யாரும் தெரியாம ஆன் பண்ண முடியாது. டெஸ்டர முதல்ல கரன்ட் இருக்குன்னு தெரிஞ்ச பிளக்ல வெச்சுப் பாத்துட்டு, அப்புறம் வயரிங் சென்டர்ல பாத்துட்டு, திரும்பவும் அதே பிளக்ல பாருங்க, நடுவுல டெஸ்டரே செத்துப் போயிருக்கலாம்ல. ப்ரோக்ராமர்ல ஆஃப் பண்ணுனா போதும்னு நினைச்சிடாதீங்க. எஸ் பிளான் வால்வோட கிரே ஒயர்ல எப்பவுமே கரன்ட் இருக்கும். ரெண்டு வால்வோட ஆரஞ்சும் ஒண்ணா சேந்திருக்கிறதால, ஆஃப்ல இருக்குற வால்வோட ஆரஞ்சுலயும் மத்த வால்வு வழியா கரன்ட் வந்து நிக்கும்.

கலரையும் முழுசா நம்ப வேண்டாம். 2004க்கு முன்னாடி போட்ட வீட்டு வயரிங்ல சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், அதுக்கப்புறம் பிரவுன், நீலம்னு மாத்திட்டாங்க, நிறைய வீட்டுல ரெண்டும் கலந்து கிடக்கும். ஸ்டாட்டுக்குப் போற கேபிள்ல கறுப்போ நீலமோ லைவா பயன்படுத்தி இருப்பாங்க, ஒழுங்கானவங்க அதுல ஒரு பிரவுன் ஸ்லீவ் போட்டிருப்பாங்க, எல்லாரும் போடுறதில்ல. அதனால ஒயரக் கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, நேரா ஒண்ணு, பக்கத்துல இருந்து ஒண்ணு, ஒவ்வொரு ஒயருக்கும் டேப்ல பேர் எழுதி ஒட்டுங்க.

கரன்ட் இல்லாம முதல்ல ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இறுக்கிப் பாருங்க, ஒயர மெல்ல இழுத்துப் பாருங்க. பாய்லர் பக்கத்துல வருஷக்கணக்கா சூடாகி ஆறி சூடாகி ஆறி ஸ்க்ரூ தளரும். ஒரு வீட்டுல ஆரஞ்சு ஒயர் டெர்மினலுக்குள்ள தான் இருந்துச்சு, பாத்தா இறுக்கமா தெரிஞ்சுது, இழுத்தப்ப நுனியில இருந்த செம்புக் கம்பி கறுத்துப் போய், உறை மேல ஸ்க்ரூ பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு, உள்ள தொடவே இல்ல. பல் தெரியாம சிரிக்கிற ஆள் மாதிரி வெளிய எல்லாம் சரியாவே இருக்கும்.

அதுக்கு மேலன்னா கரன்ட்ட போட்டு டெஸ்ட் பண்ணணும், அது பழக்கம் உள்ளவங்களுக்கு. டெஸ்டரோட ஒரு முனைய நியூட்ரல் டெர்மினல்ல வெச்சிட்டு, ஹீட்டிங்க ஆன் பண்ணி, வரிசையா போங்க: மெயின் லைவ், ப்ரோக்ராமர்ல இருந்து வர்ற ஹீட்டிங் ஆன், ரூம் ஸ்டாட்ல இருந்து திரும்பி வர்றது, அது எஸ் பிளான்ல வால்வோட பிரவுன், ஒய் பிளான்ல வெள்ளை, அப்புறம் ஆரஞ்சு. எந்த ரெண்டு இடத்துக்கு நடுவுல 230 காணாமப் போகுதோ அந்த நடுவுல இருக்குற சாமான் தான் குற்றவாளி. பிரவுன்ல 230 இருக்கு, லீவர் நகரலன்னா மோட்டார். லீவர் நகந்துடுச்சு, கிரேல 230 இருக்கு, ஆரஞ்சுல இல்லன்னா மைக்ரோ சுவிட்ச். ஆரஞ்சுல 230 இருந்தும் பாய்லர் பத்தலன்னா உங்க வேலை முடிஞ்சது, கேஸ் சேஃப் ஆளக் கூப்பிடுங்க. ஒய் பிளான்ல டிஜிட்டல் மல்டிமீட்டர் சில நேரம் கிரேலயும் ஆரஞ்சுலயும் அரைகுறையா ஒரு வோல்டேஜ் காட்டும், வால்வுக்குள்ள இருக்குற ரெசிஸ்டர், மோட்டார் வழியா கசிஞ்சு வர்றது அது, அதப் பாத்து ஏமாற வேண்டாம், ரெண்டு முனை டெஸ்டர்ல பாத்தா தெளிவாத் தெரியும்.

ஃபியூஸ் போயிருந்தா 3 ஆம்ப் தான் திரும்பப் போடணும். திரும்பவும் போச்சுன்னா எங்கயோ தண்ணி சொட்டி பம்புலயோ வால்வுத் தலையிலயோ இறங்கியிருக்கு, அதத் தேடணும். 13 ஆம்ப் போட்டா ஃபியூஸ் நிக்கும், ஆனா எரிய வேண்டிய நேரத்துல ஃபியூஸுக்கு பதிலா ஒயர் எரியும்.

சாமான் மாத்துறப்ப

வால்வு போச்சுன்னா முழு வால்வையும் மாத்தி தண்ணிய வடிக்கணும்னு அவசியம் இல்ல, இப்ப இருக்குறதுல பெரும்பாலானது தலைய மட்டும் கழட்டி மாத்துற மாதிரி தான் வருது. தலைய எடுத்ததும் கீழ தெரியிற தண்ட விரலால திருப்பிப் பாருங்க, லேசா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகணும். அது கல்லு மாதிரி இறுகியிருந்தா புதுத் தலை போட்டாலும் அந்த மோட்டாரும் கொஞ்ச நாள்ல போயிடும், அப்ப பிளம்பர் தான்.

ப்ரோக்ராமர் மாத்துறது இங்க சுலபம், பெரும்பாலான கம்பெனிக்காரங்க செவுத்துல மாட்டுற பின்பக்கத் தட்டு (பேக்பிளேட்) ஒரே மாதிரி தான் வெச்சிருக்காங்க: என் (நியூட்ரல்), எல் (லைவ்), 1, 2, 3, 4. அதுல 1 ஹாட் வாட்டர் ஆஃப், 2 ஹீட்டிங் ஆஃப், 3 ஹாட் வாட்டர் ஆன், 4 ஹீட்டிங் ஆன். சிலிண்டர் வீட்டுக்கு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வாங்குறப்ப ஹீட்டிங்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணுன்னு ரெண்டு சேனல் உள்ளதான்னு பாத்து வாங்குங்க, ஒரு சேனல் உள்ளது காம்பிக்கு. காம்பி வீட்டுக்காரங்க ஒண்ணு கவனிங்க, பாய்லர்ல ரூம் ஸ்டாட்டுக்குன்னு இருக்குற டெர்மினல் சிலதுல 230 வோல்ட், சிலதுல சின்ன வோல்டேஜ். ஓபன்தெர்ம்னு போட்டிருந்தா அது சின்ன வோல்டேஜ், அங்க 230 குடுத்தா பாய்லரோட போர்டு அந்த நிமிஷமே போயிடும், மேனுவலப் பாக்காம மாட்டாதீங்க.

ஆள் வர்ற வரைக்கும் சுடுதண்ணிக்கு வழி இருக்கு. சிலிண்டர்ல இம்மர்ஷன் ஹீட்டர் இருக்கும், அதுக்குத் தனி சுவிட்ச், தனி சர்க்யூட், பெரும்பாலும் 3 கிலோவாட். 120 லிட்டர் டேங்க்னா முழுசா சூடாக ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். குளிச்சதும் ஆஃப் பண்ணிடுங்க, இங்க ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் கேஸ விட கிட்டத்தட்ட நாலு மடங்கு விலை, மறந்து ஒரு மாசம் ஆன்லயே விட்டுட்டு பில்லப் பாத்து உக்காந்துட்ட குடும்பங்கள் இருக்கு.

எல்லாம் சரியானதும் வயரிங் சென்டர மூடுறதுக்கு முன்னாடி இன்னொரு போட்டோ எடுத்து, எந்த டெர்மினல்ல என்ன ஒயருன்னு ஒரு வெள்ளைப் பேப்பர்ல பேனாவுல எழுதி, ஒய் பிளானா எஸ் பிளானான்னு மேல பெருசா போட்டு, ஏரிங் கப்போர்டு கதவோட உள்பக்கம் ஒட்டி வெச்சிடுங்க. ஸ்லௌ தம்பி வீட்டுல அத ஒட்டிட்டு தான் கிளம்பினேன், ஹால் ஸ்டாட்ல அப்ப 19 காட்டுச்சு.